மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த மருந்து

தன் உயரத்துக்கு நீண்ட மீனை முதுகில் சுமந்து நிற்கும் மீனவர் ஒருவர். இந்தப் படம் ஒட்டிய போத்தலைப் பார்த்திராத தமிழ்க் குடும்பம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குறைவு. ஸ்காட்ஸ் எமல்ஷன் என்னும் அந்த வெண்ணிற மருந்து, கடைகளில் விற்கும் மஞ்சள் குளிகை, அந்நாளில் கரண்டியில் ஊற்றித் தந்த நாற்ற எண்ணெய் எல்லாவற்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: காட் என்னும் குளிர்கடல் மீனின் ஈரலிலிருந்து எடுக்கும் எண்ணெய்.

"பிள்ளை நோஞ்சானாக இருக்கிறானே, மீன் எண்ணெய் கொடு" என்று பாட்டி சொல்லிவிட்டால் வீட்டில் மறுபேச்சு இராது. பிள்ளை ஓட, தாய் துரத்த, மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியபின் ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்துச் சமாதானப்படுத்துவார்கள். பாட்டியின் சொல்லில் உண்மை உண்டு. ஆனால் இந்த எண்ணெய் யாருக்கு நல்லது, எவ்வளவு நல்லது, யார் தொடவே கூடாது என்பதைத் தாய்மார்கள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நார்வே நாட்டின் வடக்கே லோஃபோட்டன் தீவுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் காட் மீன்கள் முட்டையிட அங்கே கூட்டங்கூட்டமாக வரும். பிடித்த மீனின் ஈரல்களைப் பீப்பாய்களில் போட்டு அழுக விடுவார்கள். மேலே மிதந்து வரும் எண்ணெயை அள்ளிக்கொள்வார்கள். கருத்து, குமட்டும் அந்த எண்ணெய் விளக்கெரிக்கவும் தோல் பதனிடவும் பயன்பட்டது. அதையே மூட்டுவலிக்காரர்கள் குடித்தார்கள் என்றால் வலி எப்படி இருந்திருக்க வேண்டும்! 1850களில் பீட்டர் மொல்லர் என்ற நார்வே மருந்தாளர், ஈரல் அழுகுமுன் அதை நீராவியில் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டார். வெளிர்மஞ்சள் நிறமான, ஓரளவு வாயில் வைக்கத் தக்க எண்ணெய் அதன் பிறகே கிடைத்தது.

நாய்க்குட்டிகள் சொன்ன சேதி

அக்காலத்து ஐரோப்பியத் தொழில் நகரங்களில் புகையும் மூடுபனியும் வெயிலை மறைத்தன. ஏழைப் பிள்ளைகளுக்குக் கால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய் பரவலாக இருந்தது. மீன் எண்ணெய் கொடுத்தால் குணமாகிறது என்று அனுபவத்தில் தெரிந்தாலும் காரணம் தெரியவில்லை. முதல் உலகப் போர் முடிந்த வேளையில் லண்டனில் எட்வர்ட் மெலன்பி என்ற மருத்துவர், வெயில் படாமல் வீட்டுக்குள் அடைத்து ஓட்ஸ் கஞ்சி ஊட்டி வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு அதே நோய் வருவதையும், காட் எண்ணெய் கொடுத்தால் நீங்குவதையும் காட்டினார். 1922ல் அமெரிக்கர் எல்மர் மெக்காலம் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி அதிலிருந்த உயிர்ச்சத்து 'ஏ'யை அழித்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் எண்ணெய் எலும்பு நோயைக் குணப்படுத்தியது. ஆக, அதில் இன்னொரு சத்து இருந்தது. அதற்கு உயிர்ச்சத்து 'டி' என்று பெயர் வந்தது.

அதே காலத்தில் வியன்னா நகரில் ஹேரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, ரிக்கெட்ஸ் கண்ட குழந்தைகளில் சிலருக்குக் காட் எண்ணெய் கொடுத்தது, சிலரை வெயிலில் கிடத்தியது. இரு வகையிலும் குழந்தைகள் தேறினார்கள். வெயில் தோலில் பட்டால் உடம்பே அந்தச் சத்தைத் தயாரித்துக்கொள்ளும் என்பதுதான் இதன் பொருள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு சிறு பிள்ளைகளுக்குக் காட் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் வழங்கியதற்கு இவையெல்லாம் அடிப்படை.

அப்படியானால் ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டில் இது எதற்கு? நியாயமான கேள்விதான். வெளியே ஓடியாடும் பிள்ளைக்கு எலும்பைக் காக்க இந்த எண்ணெய் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே வளரும் பிள்ளை, இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்கும் தொழிலாளி, படி இறங்க முடியாத முதியவர் ஆகியோருக்கு வெயில் எங்கே கிடைக்கிறது? கருத்த தோல் இந்தச் சத்தைத் தயாரிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோலுக்கு நல்லதா?

வாசகியர் அதிகம் ஆசைப்படும் விஷயம் இது. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். தோலும் வறண்டு சொரசொரப்பாகும். முழங்கையிலும் தொடையிலும் முள்முள்ளாகத் தடிக்கும் ஒரு தோல் நோயை லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933ல் சத்துக்குறைவோடு சம்பந்தப்படுத்தி எழுதினார். தேரையின் தோல்போல் இருப்பதால் அதற்குத் தேரைத்தோல் என்றே பெயர். சத்தில்லாத உடம்புக்குக் காட் எண்ணெய் கொடுத்தால் இத்தகைய தோல் தேறும். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு அதையே கொடுத்தால் மேலும் மினுமினுப்பு வரும் என்று நினைப்பது வீண்.

வெளியே பூசுவதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1930களில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் வில்ஹெல்ம் லூர் என்ற அறுவை மருத்துவர் காட் எண்ணெய்க் களிம்பைப் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் கட்டி வைத்தியம் செய்தார். இன்று அதன் வாரிசாகத் துத்தநாகக் களிம்பில் காட் எண்ணெய் கலந்து விற்கிறார்கள். குழந்தைக்கு நேப்பி கட்டும் இடம் சிவந்து புண்ணாகும்போது அது நல்ல துணை. இடத்தைக் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, பிறகு பூசவேண்டும். ஈரத்தின்மேல் பூசினால் பயனில்லை. எண்ணெய்ப் படலம் சிறுநீர் தோலில் படாமல் காக்கும். பாதி வேலை அதுதான்.

சில பெண்கள் குளிகையை ஊசியால் குத்தி எண்ணெயை முகத்தில் தேய்த்துக்கொள்கிறார்கள். முகப்பரு உள்ளவர்கள் இதைச் செய்யாதிருப்பது நல்லது. தலையணை உறை மீன் நாறும் என்பது வேறு விஷயம்! புதிதாகச் சுட்ட காயத்தில் எந்த எண்ணெயும் பூசக்கூடாது. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவதே முதலுதவி. நீரிழிவுக்காரர் காலில் புண் என்றால் வீட்டு வைத்தியமே வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. உயிர்ச்சத்து 'சி' மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். 'ஏ' அப்படியல்ல, ஈரலில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பனிக்கரடியின் ஈரலைத் தின்ற துருவப் பயணிகள் கடுந்தலைவலி கண்டு தோல் உரிந்து துடித்தது இந்தச் சத்தின் மிகுதியால்தான். கலப்பில்லாத காட் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1,350 மைக்ரோகிராம் 'ஏ' இருக்கும். அமெரிக்க வல்லுநர்கள் கணக்குப்படி பெண்ணுக்கு ஒரு நாள் தேவை 700, ஆணுக்கு 900. 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு 600க்கு மேல் ஆகாது. 'இரண்டு கரண்டி கொடுத்தால் சீக்கிரம் சதை போடும்' என்ற கணக்கு இங்கே ஆபத்து. எமல்ஷனில் எண்ணெய் குறைவு; குளிகைகளும் பலவிதம். ஆகவே போத்தலில் அச்சிட்ட அளவைப் பாருங்கள். அத்துடன் வேறு சத்து மாத்திரையும் கொடுத்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கர்ப்பிணிகள் காட் ஈரல் எண்ணெய் சாப்பிடக்கூடாது. மிகுதியான 'ஏ' வயிற்றுக் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். 'மருமகள் உண்டாகியிருக்கிறாள், மீன் எண்ணெய் வாங்கிக் கொடுப்போம்' என்று அன்போடு புறப்படும் மாமியார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஈரலில் எடுக்காமல் மீனின் சதையில் எடுக்கும் எண்ணெய் வேறு. அதையும் கிளினிக்கில் கேட்டே வாங்குங்கள். ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவோரும், முகப்பருவுக்கு 'ஏ' வகை மாத்திரை எடுப்போரும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

மூட்டுவலிக்குப் பலன் உண்டா? முடக்குவாதம் கண்டவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் காட் எண்ணெய் கொடுத்துச் செய்த ஸ்காட்லாந்து ஆராய்ச்சி ஒன்று 2008ல் வெளிவந்தது. ஒன்பது மாதத்தில் 100க்கு 39 பேர் வலி மாத்திரையை நன்றாகக் குறைத்துக்கொண்டார்கள்; வெறும் காற்றடைத்த போலிக் குளிகை கொடுக்கப்பட்டவர்களில் 10 பேர்தான். அது மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது. மறுபுறம், கோவிட் வராமல் தடுக்குமா என்று 2020 - 21 குளிர்காலத்தில் நார்வேயில் 34,000க்கும் அதிகமானோரிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை.

காசு செலவழிக்குமுன் சந்தைப் பக்கமும் பாருங்கள். கெம்போங் மீனிலும் டின் சாடினிலும் இதயத்துக்கு நல்ல அதே வகைக் கொழுப்பு இருக்கிறது. முருங்கைக்கீரையிலிருந்து உடம்பு தனக்குத் தேவையான அளவே 'ஏ'யைத் தயாரித்துக்கொள்ளும். நம்மவர்கள் தலைமுறையாக வெட்டி இறக்கிய செம்பனைப் பழத்தின் சிவப்பு நிறமும் அந்தச் சத்துதான். சமையலுக்குச் சுத்திகரித்து வெளுக்கும்போது அது போய்விடுகிறது, என்ன செய்வது!

வாங்கிய போத்தலைத் திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மீன் வாடை இயல்பு. காறல் வாடை வந்தால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். குளிகை டப்பாவை மிட்டாய் என்று பிள்ளைகள் எடுத்துத் தின்னாத உயரத்தில் வையுங்கள்.