உஷார்! கிழமைக் கடன் உங்கள் வாசலுக்கும் வரும்

அக்காமாரே, தங்கச்சிமாரே, கொஞ்சம் நில்லுங்கள். இன்றைக்கு ஏதாவது கடன் படிவத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? பொறுங்கள். இதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

சொல்கிற வட்டி வேறு, கட்டுகிற வட்டி வேறு!

50,000 ரூபாய் எடுக்கிறீர்கள். "28 வீதம்தான் அக்கா" என்கிறார்கள். கிழமைக்கு ஏறக்குறைய 1,231 ரூபாய், 52 கிழமை. மொத்தம் 64,000. சின்னக் கணக்குப் போலத்தான் தெரியும். ஆனால் முதல் கிழமையிலேயே முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஆறு மாதம் போனால் கட்ட மிச்சமிருப்பது பாதிதான். வட்டியோ முழு 50,000க்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியாகப் பார்த்தால் வருட வட்டி 50 வீதத்தைத் தாண்டும். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்தால் இன்னும் ஏறும்.

வாகரைப் பக்கம், கதிரவெளியில் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். சுனாமியில் அடிபட்டு, 2006இல் ஷெல்லுக்கு ஓடி, பிறகு வெறுங்கையோடு ஊர் திரும்பிய குடும்பம். காதிலும் கழுத்திலும் கிடந்த சேமிப்பெல்லாம் அந்த ஓட்டத்திலேயே போய்விட்டது. கணவர் கடலுக்குப் போகிறவர். வலை வாங்க முதல் கடன். அது முடிய முன்னமே மகளின் உயர்தர வகுப்புக்கு இரண்டாவது. பழைய மிச்சத்தைக் கழித்துக்கொண்டுதான் புதுக் காசைக் கையில் கொடுத்தார்கள். பிறகு மாரி வந்தது. கடல் கொந்தளித்தது, தோணி கரையில் கிடந்தது. காசு சேர்க்க வருகிறவர் மட்டும் ஒரு செவ்வாயும் தவறவில்லை.

பிறகு மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் முடியுமா? மூன்றாவது, நாலாவது கடன். சுவர் லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. அரிசிப் பானைக்குப் பின்னால் றப்பர் பட்டி போட்ட நாலு கடன் அட்டைகள், நாலும் வேறு வேறு கம்பனி. அவர் கட்ட முடியாத கிழமைகளில், ஒருவருக்கொருவர் பிணை நின்று கூடக் கடன் எடுத்த குழுப் பெண்கள் அவருக்காகக் கட்டினார்கள். சில மாதத்தில் அவர்களே வாசலில் வந்து நின்றார்கள். கூடப் பிறந்தவர்கள் போலப் பழகியவர்கள், இப்போது கோயிலில் கண்டாலும் கதைப்பதில்லை. கடைசியில் மீற்றர் வட்டிக்காரரிடம் போனார். மாதம் நூற்றுக்குப் பத்து. வருடத்துக்கு 120 வீதம்!

அந்த அக்கா ஊதாரி இல்லை. ஒரு சதமும் வீணாக்கவில்லை. பிள்ளை படிக்கும் காலத்துக் கடனைப் பிள்ளை கல்யாணம் கட்டும் காலத்துக்குள் கொண்டுபோனார். அவ்வளவுதான் நடந்தது. அது போதும், ஒரு குடும்பம் சாய.

இது ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, இப்படிப்பட்ட சின்னக் கடன்கள், அதாவது நுண்கடன்கள், சிலவற்றில் வட்டி 220 வீதம் வரை போயிருப்பதைத் தன் அறிக்கையில் எழுதினார். அதே வருடம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் நுண்கடனுக்கு மத்திய வங்கி 35 வீத உச்ச வட்டியும் வைத்தது. அப்படியிருந்தும் 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் தெருவில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. தள்ளுபடி வரும் என்று நம்பிக் கடன் எடுக்காதீர்கள்!

எப்போது பயப்பட வேண்டும்? ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தால், அன்றைக்கே. அட்டையை மனிசனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தால். வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பும் காசு வங்கியில் ஒரு இரவுகூடத் தங்காமல் போனால். கடைக்காரரின் கொப்பியில் உங்கள் பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் திருப்பினால். "அடையாள அட்டை மட்டும் போதும், இப்பவே காசு" என்று யாராவது வந்தால், கதவைச் சாத்துங்கள்.

கடல் தரும் காலம் பங்குனி முதல் புரட்டாதி வரை. அந்த மாதங்களில் மாரிக்கு ஒதுக்குங்கள். தோணி வந்த அன்றே, மீன் விற்ற காசு வீட்டுக்குள் நுழைய முன்னம். வயல்காரர் அறுவடைக் காசில் அதையே செய்யலாம். சமுர்த்தி வங்கியோ, சிக்கனக் கடனுதவிச் சங்கமோ, உங்கள் பெயரில் ஒரு புத்தகம் இருக்கட்டும். புதுக் கல்யாணக்காரருக்குச் சொல்கிறேன்: பிள்ளை பிறக்க முன்னமே கல்யாணக் கடனை முடியுங்கள், அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது. மகளின் வீட்டுக்கு அவள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே கல்லாகவும் கம்பியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அறுபதைத் தாண்டிய அம்மாமார் யாருக்கும் பிணை நிற்க வேண்டாம், பேரப்பிள்ளைக்கென்றாலும்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் எல்லா அட்டையையும் எடுத்து வெளியே வையுங்கள். எதற்கு எவ்வளவு மிச்சம், எதற்கு வட்டி அதிகம் என்று எழுதுங்கள். மற்றவற்றுக்குத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, கையில் மிஞ்சும் ஒவ்வொரு சதத்தையும் அதிக வட்டிக் கடனில் போடுங்கள். அது முடிந்ததும் அடுத்தது. கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் விடாதீர்கள். இரவில் வந்து வாசலில் கத்தினாலோ, கூடாத வார்த்தை பேசினாலோ, வந்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பொலிசுக்கும் வாகரைப் பிரதேச செயலகத்துக்கும் போங்கள். தனியாகப் போகவேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.