மழைக்கு அஞ்சாத பைனாகுலர்

முப்பது வருடங்களுக்கு முன்பு பழவேற்காட்டில் படகேறிப் பூநாரை பார்க்கப் போனவர்கள், கையோடு ஒரு நல்ல பிளாஸ்டிக் பையையும் எடுத்துப் போவார்கள். தூறல் விழுந்தால் பைனாகுலர் உடனே அதற்குள் போய்விடும். மனிதர்கள் நனையலாம், அது நனையக் கூடாது. காற்று திரும்பி, அலை படகின் விளிம்பில் மோதிச் சாரல் தெறித்தாலும் அதே பதற்றம்தான். பறவை கிட்டத்தில் வரும் நேரம் பார்த்துப் பைனாகுலர் பைக்குள் கிடக்கும். இன்று அது கழுத்திலேயே தொங்குகிறது. மழை வந்தால் லென்ஸைத் துடைத்துவிட்டு மேலே பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் மாதங்களில்தான் வலசைப் பறவைகள் நம் கரைக்கு வந்து சேர்கின்றன. அதனால் இதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் ஒரு நல்ல பைனாகுலர் கைக்குக் கிடைப்பதே பெரும் பாடு. கப்பலில் வேலை பார்த்த உறவினர் யாராவது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். பலர் கையில் இருந்தது டென்டோ என்ற பெயரில் வந்த சோவியத் பைனாகுலர். கட்டையான தோல் உறை, கனமான உலோக உடம்பு, லேசான மஞ்சள் படிந்த காட்சி. உழைப்பில் குறை சொல்ல முடியாது. நம் கடற்கரைக் காற்றுதான் அதற்கு எமன்.

அதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-ல் காப்புரிமை பெற்ற பட்டக அமைப்பை வைத்து, ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் 1894-ல் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்பக்கம் அகன்று, பின்பக்கம் குறுகிய அந்தப் பழைய உருவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால் கண் வைக்கும் குழாய்கள் இரண்டும் வெளியே நீளும், உள்ளே போகும். நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், சுருங்கும்போது வெளியே தள்ளும், கொல்லன் துருத்தி மாதிரி. ஒவ்வொரு முறை குவியம் சரிசெய்யும்போதும் ஈரமும் உப்பும் தூசியும் கொஞ்சம் உள்ளே போய்விடும். ஒரு மழைக்காலம் தாண்டினால் பட்டகத்தின் மேல் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை படரும். அதற்குப் பயந்தே கேமராவையும் பைனாகுலரையும் ஜீரோ வாட் பல்பு எரியும் அலமாரியில் வைத்துக் காப்பாற்றிய வீடுகள் உண்டு.

கப்பல்காரர்களிடம் நீர் புகாத பைனாகுலர் அன்றே இருந்தது. அதில் நடுச் சக்கரம் கிடையாது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே திருகிச் சரிசெய்ய வேண்டும். எடை ஒரு கிலோவுக்கு மேல். மாலுமிக்குச் சரி, குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரம் போகிறவருக்கு அது எதற்கு?

இன்று சட்டைப்பையில் அடங்கும் பைனாகுலர்கூட நீர் புகாமல் இருக்கிறது என்றால், குவியம் சரிசெய்யும் வேலை உள்ளே போனதுதான் முக்கியக் காரணம். நேரான இரட்டைக் குழாய் போலிருக்கும் இப்போதைய கூரைப் பட்டக வகையில், சக்கரத்தைத் திருப்பினால் உள்ளிருக்கும் ஒரு லென்ஸ் மட்டும் நகரும். வெளியே எதுவும் நீள்வதில்லை. மூட்டுகளில் ரப்பர் வளையம் போட்டு, உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி மூடிவிடுகிறார்கள். உள்ளே ஈரமே இல்லாததால் பனி படிவதில்லை, பூஞ்சைக்கும் வழியில்லை. இந்த வகைப் பட்டகத்தில் நுண்ணிய விவரம் மங்கும் குறை ஒன்று இருந்தது. 1988-ல் ஜெய்ஸ் கொண்டுவந்த ஒரு பூச்சு அதைத் தீர்த்தது. இன்று நடுத்தர விலைப் பைனாகுலர்களிலும் அந்தப் பூச்சு வந்துவிட்டது.

மாறாதது கடையில் கேட்கும் கேள்வி. "எவ்வளவு தூரம் தெரியும்?" என்று நாம் அன்றும் கேட்டோம், இன்றும் கேட்கிறோம். பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர் என்று விற்பவரும் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். பார்க்க வேண்டியவை பைனாகுலர் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்கள். 8×32 என்றால் எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் அகலம் 32 மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். வருவது 4. கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மி.மீ. கடற்படைகள் 7×50-ஐ விரும்பியதன் ரகசியம் இதுதான்: வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல், இருட்டில் இளவயதுக் கண்மணி ஏறக்குறைய அந்த அளவுக்கு விரியும். 10×25-ல் வருவது வெறும் 2.5. நல்ல வெயிலில் கண்மணியே சுருங்கியிருப்பதால் குறை தெரியாது. ஆனால் படகு ஆடும்போது அந்தச் சின்ன வட்டத்தில் கண்ணை நிறுத்துவது கடினம், காட்சி கறுத்துக் கறுத்து மறையும்.

பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்குதான். அதனால் படகுக்கு ஏழு அல்லது எட்டு மடங்கு போதும். நடுக்கத்தை அடக்கும் மின்னணுப் பைனாகுலரை கேனன் 1995-லேயே கொண்டுவந்தது. அருமையான கருவி, ஆனால் விலையும் எடையும் அதிகம், பேட்டரியும் வேண்டும்.

பகல் நேரத்தில் பிச்சாவரத்தின் குறுகிய கால்வாய்களில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே மீன்கொத்தி தேடுகிறவருக்கு 8×25 அழகாகப் பொருந்தும். எடை முந்நூறு கிராம் பக்கத்தில்தான் வரும். வேடந்தாங்கலில் பொழுது சாயும்போது கூட்டுக்குத் திரும்பும் பறவைகளைப் பார்க்க நின்றால், அது கைவிட்டுவிடும். அரைக்கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும் 8×32 இரண்டு வேளைக்கும் ஈடுகொடுக்கும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

வாங்கும்போது கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒளிவட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பட்டகம் மட்டம். முன் லென்ஸ் சிவப்பாகப் பளபளக்கும் மலிவு வகைகள் சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்புகின்றன, பூநாரையின் நிறமே கெட்டுவிடும். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே குறைந்தது 15 மி.மீ. விட்டுப் பார்க்க முடியுமா என்று போட்டபடியே சோதிக்க வேண்டும். 'சாரல் தாங்கும்' என்பது வேறு, 'நீர் புகாது' என்பது வேறு. ஐ.பி.எக்ஸ் 7 என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். நைட்ரஜன் நிரப்பியதா என்றும் கேளுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளி லென்ஸில் பனி படிந்தால் பயப்பட வேண்டாம், அதை நைட்ரஜனாலும் தடுக்க முடியாது. இரண்டு நிமிடத்தில் தானே விலகும்.

நீர் புகாத பைனாகுலர் மிதக்காது. தண்ணீரில் விழுந்தால் சேதமில்லாமல் மூழ்கிப்போகும். அதற்கென்று விற்கும் மிதவைப் பட்டையைச் சேர்த்தே வாங்குங்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள், உலர்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் லென்ஸ் கீறிவிடும். இன்னொன்று. பறவைக் கூட்டம் எந்தத் திட்டில் இறங்கியிருக்கிறது என்று வெறும் கண்ணால் கண்டு சொல்பவர் படகோட்டிதான். முன்பெல்லாம் ஈரக்கை படும் என்று பயந்து அவரிடம் பைனாகுலரைக் கொடுக்க மாட்டோம். இனி அந்தப் பயம் வேண்டாம், அவரிடமும் ஒரு தடவை கொடுங்கள்.