'இயற்கை நிறம்' என்றால் போதுமா?

லேபலில் 'இயற்கை நிறமூட்டி' என்று கண்டால் நம் வியாபாரிகள் பலர் மறுகேள்வி கேட்பதில்லை. ஈ-100 மஞ்சள், ஈ-162 பீட்ரூட், இவை தாவரம். ஆனால் ஈ-120 எனும் கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்பு. பெரு நாடே இதன் பெரிய உற்பத்தியாளர். காய்ந்த பூச்சி ஒரு இறாத்தலுக்குச் சுமார் 70,000 தேவை. ஷாபிஈ மத்ஹபில் வெட்டுக்கிளி தவிர்ந்த பூச்சிகளை உண்பது ஹராம். மரக்கறி உணவாளர்களும் இதை விரும்புவதில்லை. அவர்களின் எதிர்ப்பால் அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2012இல் தக்காளிச் சாயத்துக்கு மாறியது.

டொபி, யோகட், பானம் எதுவானாலும் நான் முதலில் இந்த இலக்கத்தைத்தான் தேடுவேன். நீங்களும் தேடுங்கள். 'இயற்கை நிறம்' என்று மட்டும் இருந்தால், எதிலிருந்து எடுத்தது என விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். சந்தேகமென்றால் உலமாக்களிடம் கேட்ட பின்பே ஓடர் கொடுங்கள். நம்மை நம்பித்தான் வாடிக்கையாளர் வாங்குகிறார்.