ஈ.ஜீ.ஆர். வால்வு இல்லாத கார் கூடாததா?

பலெர்மோவில் பழைய பெற்றோல் கார் வாங்கப்போகும் நாங்கள், அதில் ஈ.ஜீ.ஆர். வால்வு இல்லையென்று பின்வாங்கத் தேவையில்லை. எரிதல் மிகச் சூடேறும்போது நைதரசன் ஒட்சைட்டு உருவாகிறது. பல எஞ்சின்கள், உள்ளெடுப்பு, வெளியேற்று வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றி, எரிந்த வாயுவில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குள்ளேயே நிறுத்திச் சூட்டைத் தணிக்கின்றன. மிச்சத்தைப் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி சுத்தப்படுத்தும். அதற்கு ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்குப் பிசகக்கூடாது. காற்றுக் கூடினால் நைதரசன் ஒட்சைட்டு தப்பும். பெற்றோல் கூடினால் காபனோரொட்சைட்டு தப்பும். இந்த வரவு செலவைப் பார்ப்பது ஒட்சிசன் உணரி.

இத்தாலியில் புதுக் காருக்கு 4 ஆண்டில் முதல் 'ரெவிசியோனே', பிறகு 2 ஆண்டுக்கொருமுறை. ஆகவே வினையூக்கி மாற்றி கழற்றப்படாமல் இருக்கிறதா, எஞ்சின் எச்சரிக்கை விளக்கு சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைகிறதா என்று பார்த்தே காசைக் கொடுப்போம். ஒடுங்கிய தெருக்களில் அந்தப் புகையைச் சுவாசிப்பதும் எங்கள் பிள்ளைகள்தான்.