‘இந்தச் சந்ததி’: இறுதிக்கால முன்னறிவிப்பில் ஒரு சொல்லின் பொருண்மை

கிறித்தவ மறைநூலின் இறுதிக்கால முன்னறிவிப்புகளுள் மத்தேயு நற்செய்தியின் 24ஆம் அதிகாரம் தலையாயது. எருசலேம் ஆலயத்தின் அழிவு, பேரின்னல், மானிட மகனின் வருகை ஆகியவற்றை இயேசு அதில் அடுத்தடுத்துக் கூறுகிறார். இவை யாவும் நிகழுமுன் ‘இந்தக் கெனேயா’ ஒழிந்துபோகாது என 34ஆம் வசனம் உறுதியளிக்கிறது. கெனேயா என்னும் இக்கிரேக்கச் சொல்லுக்கு ‘ஒரு காலத்து மக்கள்’ என்று பொருள் கொண்டால், முன்னறிவிப்புக்குக் காலவரை ஏற்பட்டுவிடும். ‘இனம், மரபு’ என்று கொண்டால் அவ்வரை நீங்கிவிடும். கி.பி. 70இல் உரோமையர் ஆலயத்தை அழித்தனர், உலகமோ முடியவில்லை. எனவே விளக்கவுரையாளர்கள் இச்சொல்லின் பொருளில் பெரிதும் கருத்துச் செலுத்தியதில் வியப்பில்லை. கெனேயா மனித இனம் முழுமையையோ யூத இனத்தையோ குறிக்கலாம் என ஜெரோம் எழுதினார். 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்க விவிலியமும் இனம் என்னும் பொருளையே வற்புறுத்தியது.

சொல்வழக்குச் சான்றுகள் இக்கருத்துக்கு வலுவூட்டுவனவாக இல்லை. மூன்று கெனேயா நூறாண்டு என்று எரோடோட்டசு கணக்கிடுகிறார். எபிரேய மறைநூலின் பழைய கிரேக்கப் பெயர்ப்பான எழுபதின்மர் பெயர்ப்பில் இச்சொல் பெரும்பாலும் ‘தோர்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு நிகராக வருகிறது. பாலைநிலத்தில் நாற்பதாண்டு அலைந்து மடிந்தோரை எண்ணாகமம் 32:13 இச்சொல்லாலேயே சுட்டுகிறது. மத்தேயுவும் 1:17இல் ஆபிரகாம் முதல் கிறித்து வரை கெனேயாக்களை எண்ணிக் காட்டுகிறார். இனத்தை அவ்வாறு எண்ண இயலாது. மேலும் இனத்தைக் குறிக்கக் கிரேக்கத்தில் ‘கெனோஸ்’ என்னும் சொல் உண்டு. லூக்கா 16:8இல் ‘ஒரே வகையினர்’ என்னும் சாயல் இருப்பது உண்மையே. ஆயினும் ஓரிடத்துச் சாயலைக் கொண்டு ஏனைய இடங்களின் பொருளை மாற்றுதல் அகராதி நெறியன்று.

தமிழில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் திருத்தி 1871இல் வெளிவந்த பெயர்ப்பின் வழிவந்ததும் சீர்திருத்தச் சபையாரிடையே பெருவழக்குடையதுமான பழைய மொழிபெயர்ப்பு, 1:17இல் ‘தலைமுறை’ என்றும் 11:16, 23:36, 24:34 ஆகியவற்றில் ‘சந்ததி’ என்றும் இதே சொல்லைப் பெயர்க்கிறது. சந்ததி என்னும் வடசொல்லின் அடிப்பொருள் இடையறாத் தொடர்ச்சி. அதைவிட முதன்மையானது ஒன்றுண்டு. ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட ‘வித்து’ என்பதற்கும், கலாத்தியர் 3:16இல் வரும் ‘ஸ்பெர்மா’ என்பதற்கும் இதே பெயர்ப்பு சந்ததி என்றே எழுதுகிறது. ஆகவே கிரேக்கத்தில் தொடர்பற்று நிற்கும் இரு சொற்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. ஆதியாகமத்தைப் படித்துப் பழகிய தமிழ் வாசகர்க்கு ‘இந்தச் சந்ததி’ ஆபிரகாமின் வழித்தோன்றலாகவே ஒலிக்கக்கூடும். ஜெரோமும் ஸ்கோஃபீல்டும் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்த பொருள் இங்குச் சொல்லிலேயே அமைந்துகிடக்கிறது. (‘இளஞ்சந்ததி’ என்னும் வழக்குடைய இலங்கைத் தமிழர்க்கு இம்மயக்கம் குறைவாக இருக்கலாம்.)

அடுத்து நோக்கத்தக்கது சுட்டு. ‘இந்த’ என்பது கேட்போர் காலத்தவரையா, அடையாளங்களைக் காணவிருக்கும் பிற்காலத்தவரையா? 1970இல் ஹால் லிண்ட்சே தம் நூலில் இரண்டாவதை ஏற்றார். அத்திமரம் துளிர்ப்பதை 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியதாகக் கொண்டு, ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ நாற்பதாண்டு எனக் கணக்கிட்டார். 1988 கடந்தது. 1914ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கண்ட தலைமுறை முற்றிலும் மறையுமுன் முடிவு வரும் என்று கற்பித்துவந்த யெகோவாவின் சாட்சிகள், 1995இல் அவ்விளக்கத்தை மாற்றினர். 2010இல், ஒன்றன்மேலொன்று படியும் இரு குழுவினரைக் கொண்டது அத்தலைமுறை என்றனர். இல்வாழ்வையும் கல்வியையும் சேமிப்பையும் இத்தகைய கணக்குகளை நம்பித் தீர்மானித்த மாந்தர் பலர் என்பதைச் சொல்லாய்வு மறத்தலாகாது.

36ஆம் வசனம் ‘அந்த நாள்’ எனச் சேய்மைச் சுட்டை ஆள்கிறது. பிற்காலத் தலைமுறையைச் சொல்ல அச்சுட்டே போதும். எனினும் 34ஆம் வசனத்து ‘இவை எல்லாம்’ மேற்கூறிய அடையாளங்களைத் திரும்பச் சுட்டுவதால், ‘இந்த’ என்பதும் அவ்வாறே நிற்கலாம் என்னும் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட இயலாது. 11:16, 23:36 ஆகிய இடங்களில் இதே தொடர் சமகாலத்தவரையே குறிப்பதால் அவ்வாதம் வலுக்குன்றுகிறது.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘தலைமுறை’ என்று திருத்தியது ஏற்புடையது. இனம் என்னும் மாற்றுப் பொருளை, ஆங்கில என்.ஐ.வி. பெயர்ப்பின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பு செய்ததுபோல, அடிக்குறிப்பில் தரலாம். பாடத்தில் ஏற்றுதல் தகாது. வினைச்சொல்லில் மட்டும் முடிவு எளிதன்று. தமிழில் தலைமுறை கடந்துபோகும், இனமே ஒழிந்துபோகும். ‘கடந்துபோகாது’ என்றால் பெயரும் வினையும் பொருந்தும். ஆயின் அடுத்த வசனத்தில் வானமும் பூமியும் ஒழிந்துபோவதற்கும் கிரேக்கம் இதே வினையை வைத்திருக்கிறது. இரு பெயர்ப்புகளும் ‘ஒழிந்துபோ’ என்பதையே ஆண்டு அத்தொடர்பைக் காத்துள்ளன.