கம்பெனியைத் தவிர வேறு யார் எண்ணினார்கள்?

ரிசர்ச் அனலிஸ்ட் என்று சொன்னால் கல்யாண வீட்டில் அடுத்து வரும் கேள்வி, "அப்போ எந்த ஷேர் வாங்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் சிரித்து நழுவிவிடுவேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என் வேலையில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மீதி ஒன்பது பங்கு என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் யாருக்காக வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் இரண்டு பக்கம் உண்டு. மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் மாதிரி பணத்தைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குள்ளேயே உட்கார்ந்து ஆராய்பவர்கள் 'பை சைடு'. புரோக்கரேஜ் நிறுவனங்களில் இருந்துகொண்டு அவர்களுக்கு அறிக்கை எழுதி அனுப்புபவர்கள் 'செல் சைடு'. நான் இரண்டாவது வகை. வாகனத் துறையைப் பார்க்கிறேன். எங்கள் அறிக்கைக்குத் தனி விலை கிடையாது. படிக்கும் ஃபண்ட் எங்கள் புரோக்கரேஜ் வழியாகப் பங்கு வாங்கி விற்றால் வரும் கமிஷனில்தான் என் சம்பளம் ஒளிந்திருக்கிறது. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ரிசல்ட் சீசன்

காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கம்பெனிகள் கணக்கை வெளியிட வேண்டும். வருடக் கணக்கு என்றால் 60 நாள். கேட்க நிறைய நாள் மாதிரி இருக்கும். ஆனால் நான் பார்க்கும் பன்னிரண்டு கம்பெனிகளில் மூன்று, ஒரே நாள் மதியம் வெளியிடும். பிடிஎஃப் வந்ததும் விற்பனை, செயல்பாட்டு லாபம், இதர வருமானம், வரி என்று வரிசையாகப் பார்ப்போம். லாபம் உயர்ந்திருந்தால், வண்டி விற்று உயர்ந்ததா, நிலம் விற்று உயர்ந்ததா என்பது முதல் கேள்வி. அப்புறம் கான்கால். ஒரு மணி நேரம் நிர்வாகம் பேசும், அனலிஸ்டுகள் கேட்பார்கள். மறுநாள் காலை 9:15-க்குச் சந்தை திறக்கும் முன் எங்கள் குறிப்பு வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதம் வீட்டில் என்னை யாரும் எதற்கும் எதிர்பார்ப்பதில்லை.

எழுதுவது எக்செல்லில் இருக்கும் மாடலிலிருந்து. அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு எத்தனை வண்டி, என்ன விலை, இரும்பு என்ன விலை, என்ன மிஞ்சும் என்று போட்டு, கடைசியில் ஒரு டார்கெட் பிரைஸ் எடுப்போம். டிவியில் பெரிய எழுத்தில் ஓடுவது அந்த எண்தான். அது எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வருடம் 100 ரூபாய் தரும் தொழில். நாம் எதிர்பார்க்கும் வருவாய் 12 சதவீதம். தொழில் என்றென்றும் 5 சதவீதம் வளரும் என்றால், 100-ஐ 7 சதவீதத்தால் வகுக்க வேண்டும். மதிப்பு சுமார் 1,430 ரூபாய். 6 சதவீதம் வளரும் என்று ஒரே ஒரு செல்லை மாற்றினால் சுமார் 1,670. ஒரு சதவீத நம்பிக்கைக்கு 240 ரூபாய்! அதனால்தான் டார்கெட் பிரைஸை வைத்து நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. சண்டை போட வேண்டிய இடம் வேறு.

யார்டில் நிற்கும் வண்டி

வாகன கம்பெனி "இந்த மாதம் இவ்வளவு விற்றோம்" என்று அறிவிக்கிறதே, அது பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. தொழிற்சாலையை விட்டு லாரி கிளம்பி டீலர் கைக்குப் போனால் கம்பெனி கணக்கில் அது விற்பனை. அந்த வண்டியை யாராவது வாங்கிக்கொண்டு போனார்களா என்பது வேறு விஷயம்.

வாங்கினார்களா என்பதை வேறொருவர் எண்ணுகிறார்: ஆர்டிஓ. பதிவான வண்டிகளின் எண்ணிக்கை மத்திய அரசின் வாஹன் தளத்தில் வந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனி சொன்னதிலிருந்து ஏற்றுமதியைக் கழித்து, வாஹன் எண்ணோடு வைத்துப் பார்ப்பது என் மாதாந்திர வேலை. அப்படியே கழித்துவிடவும் முடியாது. தெலங்கானாவின் பதிவுகள் வெகுகாலம் அந்தத் தளத்தில் சேராமலே இருந்தன. தீபாவளிக்கு முந்தைய மாதம் டீலர் கையிருப்பு ஏறுவது சகஜம். ஒரு மாத வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆறு மாதம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

இதைத்தான் எங்கள் பாஷையில் 'சேனல் செக்' என்போம். ஒரு ஊரில் நாலு டீலர், பக்கத்து ஊரில் மூணு டீலர். ஷோரூமில் உட்கார்ந்து பேசினால் எல்லாரும் "பிசினஸ் நல்லா போகுது சார்" என்பார்கள். பின்பக்கம் யார்டுக்குப் போனால்தான் கதை தெரியும். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருக்கும். ஒரு டீலர் அதைக் காட்டிச் சொன்னது: "கம்பெனி கணக்குல வித்தாச்சு சார். எங்க கணக்குலதான் இன்னும் விக்கல."

அவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு மாதம் 250 பைக் வருகிறது, 200 போகிறது. ஆறு மாதத்தில் 300 பைக் தேங்கும். ஒன்று 90,000 ரூபாய் என்றால் 2 கோடியே 70 லட்சம். வங்கிக் கடன் 10 சதவீத வட்டி என்றால் மாதம் 2.25 லட்சம் வட்டி மட்டும் போகும். ஊழியர் சம்பளத்துக்கு முன்னால் இது போய்விடும். இதே ஆறு மாதத்தில் கம்பெனியின் விற்பனை வளர்ச்சி பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக வந்திருக்கும்.

தேங்கிய வண்டி ஒரே நாளில் எல்லார் கண்ணிலும் பட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2017 மார்ச் 29-இல், பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி கையிருப்பில் இருந்தவை எட்டு லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதி இருசக்கர வாகனங்கள். கடைசி இரண்டு நாளில் பைக்குக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்கூடத் தள்ளுபடி கொடுத்தார்கள். ஷோரூம் வாசலில் கூட்டம் நின்றது.

வங்கியில் இல்லாத பணம்

எண்ணிய ஆள் யார் என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் பெரிய பாடம் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்குக் கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார். முந்தைய செப்டம்பர் காலாண்டில் 24 சதவீதம் என்று காட்டிய செயல்பாட்டு லாபம் உண்மையில் 3 சதவீதம். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது.

லாபம் என்பது கணக்கர் சேர்த்துக் கழித்து எடுக்கும் எண். அதில் கருத்துக்கு இடம் உண்டு. பணம் அப்படியில்லை, இருக்கும் அல்லது இருக்காது. அதனால் "லாபம் ஏறும்போது கையில் பணமும் ஏறுகிறதா?" என்று கேட்கக் கற்றுத்தருவார்கள். சத்யத்தில் அந்தக் கேள்வியும் போதவில்லை, ஏனென்றால் பணத்தையே பொய்யாக எழுதியிருந்தார்கள். இன்னும் ஒரு படி இறங்கி, அவ்வளவு பணம் வங்கியில் இருந்தால் அதற்கு ஏற்ற வட்டி எங்கே, இவ்வளவு ரொக்கம் வைத்திருப்பவர் டிவிடெண்டாகக் கொடுக்காமல் ஏன் வைத்திருக்கிறார், வங்கி நேரடியாகச் சொன்ன இருப்பை யார் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும். வட்டியிலும் 376 கோடி பொய்யாக எழுதியிருந்ததாக அதே கடிதம் சொல்கிறது. கம்பெனி தானே எழுதிய ஒரு எண்ணை, அதே கம்பெனி எழுதிய இன்னொரு எண்ணால் சரிபார்த்துப் பிரயோசனமில்லை. வெளியே ஒரு கை எண்ணியிருக்க வேண்டும்.

"விற்கவும்" என்ற ஒரு சொல்

சரி, எண்ணியாச்சு, வித்தியாசம் தெரிகிறது. எழுதிவிட வேண்டியதுதானே? இங்கேதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பகுதி.

"வாங்கவும்" என்று எழுதினால் பங்கு வாங்காத எல்லா ஃபண்டும் வாடிக்கையாளர் ஆகலாம். "விற்கவும்" என்றால் ஏற்கனவே வைத்திருப்பவருக்கு மட்டும்தான் உபயோகம், அவரும் சந்தோஷப்படப் போவதில்லை. கம்பெனி நிர்வாகத்தின் முகம் கடுக்கும். டீலர் கையிருப்பு ஏறுகிறது என்று ஒரு முறை எழுதினேன், ரேட்டிங்கையும் இறக்கினேன். அடுத்த கான்காலில் கேள்வி கேட்க வரிசையில் நின்றேன், கடைசிவரை என் பெயரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த காலாண்டும் அப்படித்தான். தொழிற்சாலையைச் சுற்றிக்காட்ட அனலிஸ்டுகளை அழைத்துப் போனார்கள், அந்தப் பட்டியலிலும் நான் இல்லை. யாரும் மிரட்டவில்லை, கோபமாக ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. கதவு மட்டும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இதில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. செபியின் விதிப்படி 2022 ஏப்ரல் முதல் கான்கால் பதிவையும் எழுத்து வடிவத்தையும் கம்பெனிகள் கட்டாயமாக வெளியிட வேண்டும். என்னைக் கூப்பிடாவிட்டாலும் பேசியதை நான் படிக்கலாம், நீங்களும் படிக்கலாம்.

பணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2003-இல் நடந்த சமரசம் பெரிய சாட்சி. வால் ஸ்ட்ரீட்டின் பத்து பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. டாட்காம் காலத்தில் தங்கள் முதலீட்டு வங்கிப் பிரிவுக்கு வேலை பிடிக்க, ஆராய்ச்சிப் பிரிவைப் புகழ்ந்து எழுத வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அங்கே நட்சத்திர அனலிஸ்டுகளாக இருந்த ஹென்றி பிளாட்ஜெட், ஜாக் கிரப்மன் இருவருக்கும் அந்தத் தொழிலில் வாழ்நாள் தடை. இந்தியாவில் செபி 2014-இல் ரிசர்ச் அனலிஸ்டுகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பதிவு வேண்டும், தேர்வு எழுத வேண்டும். எழுதும் பங்கை, அறிக்கைக்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் நான் வாங்கவோ விற்கவோ கூடாது. நான் ஒன்று எழுதிவிட்டு அதற்கு நேர்மாறாக வியாபாரம் செய்யவும் கூடாது. விதி பொய்யைத் தடுக்கும். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் விடும் மௌனத்தை எந்த விதியாலும் பிடிக்க முடியாது. அது எழுதுகிறவர் பாடு.

உங்கள் கைக்கு ஒரு அறிக்கை வந்தால்

கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் அறிவிப்பில், எழுதிய நிறுவனத்துக்கு அந்தக் கம்பெனியில் பங்கு உண்டா, சமீபத்தில் அதனிடம் கட்டணம் வாங்கியதா என்பது இருக்கும். அடுத்து, சென்ற வருடம் இதே அனலிஸ்ட் போட்ட கணிப்பை எடுத்து, நடந்ததோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய், கம்பெனி சொல்லாத ஒரு எண்ணாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆர்டிஓ பதிவு, சுங்கத்துறைக் கணக்கு, மின் நுகர்வு, டீலரின் வாய்மொழி என்று எதுவானாலும் சரி. ஒன்றுகூட இல்லையென்றால் அது ஆராய்ச்சி அறிக்கை இல்லை, கம்பெனியின் செய்திக்குறிப்பை இன்னொருவர் தட்டச்சு செய்தது. டார்கெட் பிரைஸைக் கடைசியாகப் பார்த்தால் போதும், பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: எக்செல் மூன்று மாதத்தில் வந்துவிடும், கணக்கியல் ஒரு வருடத்தில் பிடிபடும். யார்டில் நின்று வண்டி எண்ணும் பொறுமையும், எண்ணியதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கான்காலில் கூப்பிடாமல் போனால் தாங்கிக்கொள்ளும் மனசும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.