வாங்கத் தெரிந்த புரோகிராமுக்குத் திருப்பித் தரத் தெரியுமா?

இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் ஆன்லைன் கடை ஒன்றைச் செய்து வைத்துவிடுகிறோம். லாகின் உண்டு, பொருட்களின் படம் உண்டு, பணம் கட்டும் பக்கமும் உண்டு. "சரிப்பா, சட்டை அளவு சரியில்லைன்னு திருப்பி அனுப்பினா என்ன செய்வே?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆர்டர் டேபிள்ல அந்த வரியை டெலீட் பண்ணிடலாம் சார்" என்று பதில் வரும். அங்கேதான் கோளாறே ஆரம்பம்!

மளிகைக்கடை அண்ணாச்சியின் நோட்டைப் பாருங்கள். பொருள் திரும்பி வந்தால் பழைய வரியை அழிக்க மாட்டார். கீழே புதிதாக ஒரு வரி எழுதுவார். 2017-ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டமும் அதே வழிதான். பழைய பில்லைக் கிழிப்பதில்லை, 'கிரெடிட் நோட்' என்று தனிச் சீட்டு போட வேண்டும் (பிரிவு 34). ஆகவே ஆர்டர், வந்த பணம், பிடித்த கட்டணம், ரீஃபண்ட் நான்கும் நான்கு டேபிள்களில் இருக்கட்டும். ஒன்றை மாற்றி இன்னொன்றைச் சரிசெய்யும் வேலையே வேண்டாம் என்பது என் கட்சி.

இனி ஒரு கணக்கு. தலா 300 ரூபாய்க்கு மூன்று சட்டைகள், கூப்பனுக்கு 100 ரூபாய் தள்ளுபடி. வாடிக்கையாளர் கட்டியது 800. ஒரு சட்டை திரும்பி வருகிறது. எவ்வளவு தருவது? 300 என்று தந்தால், மூன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புகிறவருக்கு 900 போய்விடும். கடைக்காரர் பாடு திண்டாட்டம்! தள்ளுபடியையும் மூன்றாகப் பிரித்து 266.67 தரலாம். ஆனால் மூன்று முறை தந்தால் 800.01 ஆகிறதே! வாங்கியதைவிட ஒரு பைசா அதிகம் என்று மூன்றாவது ரீஃபண்டை பேமென்ட் கேட்வே தள்ளிவிடும். ஒரு பைசாவுக்காக ஒருவருடைய பணம் நின்றுபோகும்.

இதற்கு வழி, ஆர்டர் போடும்போதே தள்ளுபடியைப் பைசாவாகப் பிரித்து வைப்பதுதான். 3333, 3333, மிச்சமுள்ள ஒரு பைசாவைச் சேர்த்துக் கடைசிச் சட்டைக்கு 3334. பணத்தை ஃப்ளோட், டபுளில் வைக்காதீர்கள். ஜாவாவில் டபுளாக 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். 800 ரூபாயை 80000 பைசா என்று முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டணத்துக்கு வருவோம். கேட்வே 2 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800-க்கு 16 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2.88. கடைக்காரர் கைக்கு வருவது 781.12 தான். முழுப் பணத்தையும் திருப்பித் தந்தால் வாடிக்கையாளருக்கு 800 போகும், ஆனால் பிடித்த கட்டணத்தைப் பல கேட்வேக்கள் திருப்பித் தருவதில்லை. அந்த 18.88 எங்கே போச்சு என்று மாதக் கடைசியில் கடைக்காரர் தேடுவார். இன்னொன்று, வங்கிக் கணக்கிலிருந்து போகும் யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர் கட்டணம் 2020 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. கிரெடிட் கார்டுக்கு உண்டு. எனவே 'மொத்தம் பெருக்கல் 2 சதவீதம்' என்று ஒரே ஃபார்முலா எழுதினால் தப்பு. உண்மையில் பிடித்த தொகையை ஒவ்வொரு பேமென்டுக்கும் பதிய வேண்டும்.

அடுத்தது டைம்-அவுட். ரீஃபண்ட் கேட்டு அனுப்பினோம், பதில் வரவில்லை, புரோகிராம் மறுபடி அனுப்புகிறது. முதல் தடவையே போய்ச் சேர்ந்திருந்தால்? இரண்டு ரீஃபண்ட்! அனுப்புமுன் அந்த ரீஃபண்டுக்கென்று தனி எண் ஒன்றை உருவாக்கிச் சேமித்துவிட்டு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். 'இது ஏற்கெனவே வந்ததாச்சே' என்று கேட்வே கண்டுகொள்ளும். ஐடெம்பொட்டென்சி கீ என்ற வாயில் நுழையாத பெயர் இதற்குத்தான்.

பட்டனை அழுத்தியதுமே 'பணம் திருப்பப்பட்டது' என்று காட்டுவதும் சரியல்ல. கேட்டது, அனுப்பியது, சேர்ந்தது, தோற்றது என்று நிலைகள் தனித்தனி. 'சேர்ந்தது' என்பதை கேட்வே சொன்ன பிறகுதான் போட வேண்டும்.

பணம் பிடித்தும் ஆர்டரே விழாத கேஸ் வேறு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்கு உறுதிச் செய்தி வராத கார்டு, யூ.பி.ஐ. பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை. ஆர்டர் இல்லாத பேமென்ட்களைத் தினமும் பட்டியலிடும் ஒரு ரிப்போர்ட் உங்கள் புரோகிராமில் இருந்தால், அலைகிற வாடிக்கையாளருக்கு உடனே பதில் சொல்லலாம்.

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்குத் திருப்பிப் போட கார்டே கிடையாது. வங்கிக் கணக்கு எண்ணோ யூ.பி.ஐ. முகவரியோ கேட்டு வாங்க வேண்டும். அதனால் ரீஃபண்ட் டேபிளில் 'எந்த வழியில்' என்று ஒரு கட்டத்தை முதல் நாளே போட்டு வையுங்கள்.